அறிவியலும் சட்டமும் ஒரே நேரத்தில்: சுமையைத் தூக்க நாலு வழி, யாருக்கு எது?

ஜூலையில் ஆஸ்திரேலியாவில் குளிர்கால விடுமுறை. பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள், அதனால் இந்த மாதத்தில்தான் எனக்கு இந்தக் கேள்வி அதிகம் வரும். போன வாரம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் செந்தூல் பெண் ஒருத்தியும் அவள் அம்மாவும் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவள் இரண்டாம் வருடம், வேதியியலும் சட்டமும் சேர்த்துப் படிக்கிறாள். ரசம் ஆறிக்கொண்டிருக்க, கைப்பேசியில் அடுத்த செமஸ்டர் டைம்டேபிளைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். செவ்வாய்க்கிழமையை மட்டும் பார்த்தேன்: காலை 9 முதல் 11 வரை ஒப்பந்தச் சட்டம், 1 முதல் 5 வரை ஆர்கானிக் வேதியியல் லேப், 5 முதல் 6 வரை சட்ட டுட்டோரியல், அதுவும் வளாகத்தின் அந்தக் கோடியில். "அக்கா, ஒரு பாடத்தைக் குறைக்கவா, ஒரு பட்டத்தையே விட்டுடவா, இல்ல இப்படியே ஓடிடவா?" என்றாள். அம்மா ஒன்றும் பேசவில்லை, ஆனால் 'விட்டுடவா' என்ற சொல் காதில் விழுந்ததும் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டார்.

அதே வாரம் பட்டர்வர்த்திலிருந்து ஒரு மாமா அழைத்தார். மகன் எஸ்.டி.பி.எம்., அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய தேர்வில், அறிவியல் பிரிவு, நல்ல புள்ளிகள், சட்டத்திலும் ஆசை. இரண்டும் சேர்ந்த இணைப்புப் பட்டத்துக்கு வெளிநாடு அனுப்புவதா, இல்லை பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், யூ.எஸ்.எம்.-இல், அறிவியலை முடிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் சட்டம் படிக்க வைப்பதா என்று கேட்டார். அவர் கேட்டதும் அந்தப் பெண் கேட்டதும் ஒரே கேள்விதான். இரண்டு படிப்பின் சுமையை எப்படிப் பிரித்துத் தூக்குவது?

நான் ஆஸ்திரேலியாவில் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தவள். ஐந்து வருடப் படிப்பு எனக்கு ஐந்தரை வருடம் ஆனது. என் சித்தி மகள் அதே இரண்டையும் மலேசியாவிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தாள். இன்று இரண்டு பேரும் கோலாலம்பூரில் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கிறோம். இரண்டு பாதையின் கல்லும் முள்ளும் வீட்டுக்குள்ளேயே தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

எல்லோரும் மொத்த மணி நேரத்தைத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒரு பாடத்துக்கு வாரம் 10 மணி நேரம் என்று அங்கே பொதுவாகச் சொல்வார்கள். நாலு பாடம் என்றால் 40 மணி நேரம், ஒரு முழு நேர வேலை அளவு. அந்தக் கணக்கு சரிதான், ஆனால் நீங்கள் எந்த வாரத்தில் கவிழ்வீர்கள் என்பதை அது சொல்லாது.

அறிவியல் தினக்கூலி மாதிரி. லேப்புக்குப் போகவில்லை என்றால் அன்றைய புள்ளி போனது போனதுதான், ரிப்போர்ட் ஒரு வாரத்தில் போயாக வேண்டும், நடுவில் சின்னச் சின்னச் சோதனைகள் வந்துகொண்டே இருக்கும். சட்டம் வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி. ஒரு வகுப்புக்கு 60, 80 பக்கம் தீர்ப்பு படித்து வரச் சொல்வார்கள், படிக்காமல் போனாலும் பல வாரம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அப்புறம் எட்டாவது ஒன்பதாவது வாரத்தில் 40 விழுக்காட்டுக் கட்டுரை ஒன்று வந்து நிற்கும்போது அத்தனை பக்கமும் வட்டியோடு திரும்பி வரும். சேர்த்துப் படிப்பவர் என்ன செய்வார்? இன்று கேட்கிறவனுக்கு இன்றே கொடுப்பார், கேட்காதவனுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார். அதனால் லேப் ரிப்போர்ட் எப்போதும் போய்விடும், சட்டம் எப்போதும் பின்னுக்குத் தள்ளப்படும். நான் பார்த்த வரை, சேர்த்துப் படித்துத் தடுமாறிய பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தடுமாறியது இந்த இடத்தில்தான். அறிவு குறைவானவர் ஒருத்தரும் இல்லை.

ஆகவே முதல் அளவுகோல், சுமை எந்த வடிவத்தில் விழுகிறது என்பது.

இரண்டாவது, ஒரு செமஸ்டர் நீண்டால் யார் பணம் கட்டுவது, விசா என்ன ஆகும் என்பது. ஆஸ்திரேலியக் குடிமக்கள் பகுதி நேரமாக இஷ்டத்துக்கு இழுக்கலாம். மாணவர் விசாவில் போகிற நமக்கு அப்படி இல்லை. சேர்க்கை உறுதிச் சான்றில், அதாவது சி.ஓ.இ.-இல் போட்டிருக்கும் காலத்துக்குள் முடிக்கும் வேகத்தில் படிக்கிறோமா என்று பல்கலைக்கழகமே கவனிக்க வேண்டும் என்பது அங்கே விதி. பொதுவாக நோய், குடும்பத்தில் இழப்பு மாதிரியான காரணம் இருந்தால்தான் பாடத்தைக் குறைக்க அனுமதி கிடைக்கும். காலம் நீண்டு புதிய விசா போட வேண்டி வந்தால், 2025 ஜூலையிலிருந்து விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2,000 ஆஸ்திரேலிய டாலர். அதோடு மருத்துவக் காப்புறுதியும் வீட்டு வாடகையும் சேரும்.

மூன்றாவது, எங்கே தொழில் செய்யப் போகிறீர்கள் என்பது. மலேசியாவில் வழக்கறிஞர் ஆக வேண்டும் என்றால் 1976-ஆம் ஆண்டு சட்டத்தொழில் சட்டத்தின் கீழ் உள்ள தகுதி வாரியம், நாம் எல்.பி.கியூ.பி. என்று சொல்வது, உங்கள் பட்டத்தை ஏற்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் (யூ.கே.எம்.) போன்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் எல்.எல்.பி. சட்டப் பட்டத்துக்கு சி.எல்.பி. என்ற சட்டத்தொழில் சான்றிதழ்த் தேர்வு தேவையில்லை. ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் எல்.எல்.பி.-யோடு வருபவர் அதை எழுத வேண்டும். ஐந்து தாள்: பொதுத்தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தொழில் நடைமுறை. அப்புறம் ஒன்பது மாதம் சேம்பரிங், அதாவது ஒரு வழக்கறிஞரின் கீழ் பயிற்சி. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வை எழுதாமல் அனைத்துலகப் பள்ளி வழியாகப் போன பிள்ளைகள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது, மலாய் மொழித் தகுதியையும் காட்ட வேண்டும்.

நாலாவது, நடுவில் இறங்கினால் கையில் என்ன இருக்கும் என்பது. இதை யாரும் கேட்பதில்லை. கேட்டால் அபசகுனம் என்று நினைக்கிறார்கள். சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

## வழி 1: ஐந்து வருடம், செமஸ்டருக்கு நாலு பாடம்

சிட்னி பல்கலைக்கழகத்தில் அறிவியலும் சட்டமும் சேர்ந்த பட்டம் ஐந்து வருடம். முதல் மூன்று வருடம் பெரும்பாலும் அறிவியல், நடுநடுவே சட்டப் பாடங்கள். கடைசி இரண்டு வருடம் முழுக்கச் சட்டம். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம் (ஏ.என்.யூ.), நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் இரண்டிலும் ஐந்து வருடம்தான், ஆனால் பாடங்களை அடுக்கும் விதம் வேறு. நியூ சவுத் வேல்ஸில் 2019 முதல் வருடத்துக்கு மூன்று டெர்ம், ஒவ்வொன்றும் பத்து வாரப் படிப்பு. ஒரு டெர்முக்குப் பாடம் குறைவு என்று கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஐந்தாவது வாரத்திலேயே பாதிக் கடல் தாண்டியிருக்க வேண்டும். பெயரைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த அடுக்கைப் பாருங்கள்.

இந்த வழியின் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மிச்சமாகும் காலம் பெரிது, தனித்தனியாகப் படித்தால் ஏழு எட்டு வருடம். இரண்டு வகைச் சிந்தனையும் ஒன்றையொன்று உரசும்போது கிடைக்கும் கூர்மை வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. சேம்பரிங் காலத்தில் ஒரு போதைப்பொருள் வழக்கில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் 15 கிராம் ஹெராயினைத் தொட்டால் கடத்தல் என்று அனுமானம், உயிரே போகக்கூடிய வழக்கு. எத்தனை பொட்டலத்திலிருந்து மாதிரி எடுத்தீர்கள், எடைக்கருவியை எப்போது சரிபார்த்தீர்கள், கலப்படத்தைக் கழித்த பிறகு சுத்த எடை என்ன என்று இரசாயன நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார்கள். நிபுணர் சொன்ன ஒரு எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்த இரண்டாவது இலக்கம் எதைக் குறிக்கிறது என்று அந்த வரிசையில் எனக்குப் புரிந்தது. அந்த நிமிடம், வாங்கிய அத்தனை அடிக்கும் கூலி கிடைத்த மாதிரி இருந்தது.

சரி, அடிக்கு வருவோம். நாலாவது செமஸ்டரில் இரண்டு லேப் பாடம், அதோடு ஒப்பந்தச் சட்டம், பொதுச் சட்டம் என்று நாலும் கனமாக எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை, டைம்டேபிளில் இடம் இருந்தது, அவ்வளவுதான். ஒன்பதாவது வார வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு லேப் ரிப்போர்ட், நள்ளிரவு 12-க்கு ஒப்பந்தச் சட்டக் கட்டுரை. ரிப்போர்ட்டை 4:50-க்கு அனுப்பினேன். கட்டுரைக்கு மிச்சமிருந்த ஏழு மணி நேரத்தில், ஏழு வாரமாகப் படிக்காமல் விட்ட தீர்ப்புகளைப் புரட்டினேன். ஒப்பந்தச் சட்டத்தில் மயிரிழையில் தேறினேன், பொதுச் சட்டத்தில் தேறவில்லை. அந்த ஒரு பாடம் அடுத்தடுத்த பாடங்களுக்கு வாசல் என்பதால் வரிசையே தள்ளிப்போய், கடைசியில் அரை வருடம் கூடியது. அப்பா தாப்பாவில் இருந்த சின்ன நிலத்தை அந்த அரை வருடத்துக்காகத்தான் விற்றார்.

ஆகவே இந்த வழியை எடுப்பவருக்கு ஒரே ஒரு விதி சொல்வேன்: ஒரு செமஸ்டரில் ஒரு லேப், ஒரு கணக்குப் பாடம், பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டிய சட்டம் ஒன்று, பயிற்சி வகைச் சட்டம் ஒன்று. லேப் இரண்டு, கனமான சட்டம் இரண்டு என்று ஒருபோதும் வேண்டாம். சேரும்போதே ஐந்து வருடத்துக்கும் ஒரு தாளில் இப்படி அடுக்கிப் பாருங்கள், எந்தப் பாடத்துக்கு எது முன்பாடம் என்று அம்புக்குறி போட்டு. அடுக்க முடியாத ஒரு செமஸ்டர் கட்டாயம் வரும். அது எது என்று முன்கூட்டியே தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். சட்டப் பக்கங்களைத் தினக்கூலியாக மாற்றிவிடுவதும் உதவும். தினமும் காலையில், லேப் வேலையைத் தொடும் முன், ஒரு தீர்ப்பு, அரைப் பக்கக் குறிப்பு. கடைசி இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினேன்.

யாருக்கு இது பொருந்தும்? படிக்கும் காலத்தில் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவருக்கு, ஐந்து வருடத்துக்கென்று உதவிச் சம்பளம் கட்டிப்போட்டிருப்பவருக்கு, இரண்டும் எதற்கு என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு. பகுதி நேர வேலை செய்தே ஆக வேண்டும் என்றால் யோசியுங்கள். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம், ஆனால் 24 மணி நேரம் வேலையும் 40 மணி நேரம் படிப்பும் ஒரே வாரத்தில் அடங்காது. நான் 12 மணி நேரமே வேலை செய்தேன், அதுவே அதிகம்.

## வழி 2: மூன்று பாடம், மிச்சத்துக்குக் கோடை வகுப்பு

செந்தூல் பெண் கேட்ட 'ஒரு பாடத்தைக் குறைக்கவா' என்பது இதுதான். வெறுமனே குறைத்தால் விசாவோடு முட்டும். ஆனால் செமஸ்டருக்கு மூன்று, கோடையில் (அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) ஒன்று, குளிர்கால விடுமுறையில் ஒன்று என்று எடுத்தால் வருடத்துக்கு எட்டு வந்துவிடும், ஐந்து வருடக் கணக்கும் குலையாது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அனைத்துலக மாணவர் அலுவலகத்திடம் இதை எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சை நம்பி இறங்காதீர்கள்.

லேப் பாடங்கள் கோடையில் அரிதாகவே நடக்கும், ஆகவே கோடைக்குப் போவது சட்டப் பாடம்தான். எந்தச் சட்டப் பாடம் என்பதில் கொஞ்சம் தந்திரம் வேண்டும். அங்கே வழக்கறிஞராக 11 கட்டாயப் பிரிவுகள் உண்டு, 'பிரீஸ்ட்லி 11' என்பார்கள். நீங்கள் கோலாலம்பூருக்குத் திரும்புவது உறுதி என்றால், சிவில் நடைமுறை மாதிரியான பாடத்தைக் கோடைக்குத் தள்ளுங்கள். அங்கத்திய விதிமுறை ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் உதவாது, எப்படியும் சி.எல்.பி.-க்குப் புதிதாகப் படிக்கத்தான் போகிறீர்கள். சாட்சியச் சட்டமும் அப்படித்தான்: நம்முடைய 1950-ஆம் ஆண்டுச் சட்டம் 1872-இன் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் வழி வந்தது, அங்கே படிப்பது 1995-இன் வேறு சட்டம். ஆனால் ஒப்பந்தச் சட்டத்தையும் ஈக்விட்டி எனும் நியாயநெறிச் சட்டத்தையும் மூன்று நாலு வாரத்தில் அள்ளி விழுங்காதீர்கள். அவை உள்ளே ஊறுவதற்கு ஒரு முழு செமஸ்டர் வேண்டும், மற்றதெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

பணக் கணக்கில் இது ஏமாற்றும். பாடத்துக்குத்தான் கட்டணம் என்பதால் மொத்தப் படிப்புக் கட்டணம் ஏறக்குறைய அதேதான். வாடகைதான் வருடம் முழுக்க ஓடும். விடுமுறையில் வேலை நேரத்துக்கு வரம்பு இல்லை, அந்த மூன்று மாதத்தில்தான் பிள்ளைகள் வருடச் செலவுக்குக் கொஞ்சம் சேர்ப்பார்கள், அதில் பாதி போய்விடும். இன்னொரு விலையைப் பணத்தில் சொல்ல முடியாது. தீபாவளி எப்படியும் இரண்டாம் செமஸ்டர் பரீட்சையை ஒட்டித்தான் வரும், அதற்கு வீட்டுக்கு வர முடியாது. தைப்பூசம் கோடை விடுமுறையில் வரும், அதற்கு வரலாம். கோடை வகுப்பு எடுத்தால் அதுவும் இல்லை. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து பத்துமலைக்குப் பால்குடம் உண்டு. கடைசி மூன்று வருடம் நான் அதை அம்மாவின் வீடியோ அழைப்பில் பார்த்தேன், நூலகத்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு.

அப்படியிருந்தும், ஆஸ்திரேலியாவில் சேர்த்துப் படிக்க முடிவெடுத்துவிட்ட பெரும்பாலான நம் பிள்ளைகளுக்கு முதல் வழியைவிட இதுதான் நல்லது என்பது என் எண்ணம். எல்லா வருடமும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. லேப் கனமாக இருக்கும் இரண்டாம், மூன்றாம் வருடத்தில் செய்தால் போதும். கடைசி இரண்டு வருடம் வெறும் சட்டம் என்றால் நாலு பாடம் சுலபமாகத் தாங்கும்.

## வழி 3: முதலில் அறிவியல், அப்புறம் சட்டம்

என் சித்தி மகள் யூ.எஸ்.எம்.-இல் வேதியியல் முடித்தாள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருடம் கழித்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் எல்.எல்.பி.-யை மாலை வகுப்பில் தொடங்கினாள். பாடம் இங்கே தனியார் கல்லூரியில், தேர்வு லண்டனுடையது, மே ஜூனில். ஐந்தரைக்கு வேலை முடியும், ஏழுக்கு வகுப்பு, நடுவில் மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே ஓவும். ஒன்பதரைக்கு வகுப்பு விட்டு எல்.ஆர்.டி. பிடித்து வீட்டுக்கு வந்தால் பதினொன்று. சனிக்கிழமை முழுக்கப் படிப்பாள். நாலு வருடம் இப்படி.

மணி நேரத்தைக் கூட்டினால் அவள் சுமை என்னுடையதற்குக் குறைந்ததல்ல, ஆனால் அவள் என்னைப் போல் ஒருமுறைகூடக் கவிழவில்லை. அவளிடம் கேட்டேன். "லேப்ப விட்டு வெளிய வந்தா லேப் முடிஞ்சிருச்சுக்கா, அதுக்கு ரிப்போர்ட் எழுத வீட்டுக்குக் கொண்டு வர மாட்டேன்" என்றாள். ஒரு நேரத்தில் ஒரு கடன்தான் அவளுக்கு. அதோடு, படித்த அறிவியல் அவளிடம் துருப்பிடிக்கவில்லை, தினமும் கையில் இருந்தது. எனக்கோ மூன்றாம் வருடத்தோடு லேப் முடிந்து, அப்புறம் ஒரு குடுவையைக்கூடத் தொடவில்லை.

இதன் விலை காலம்தான். அறிவியல் மூன்று நாலு வருடம், சட்டம் மாலையில் மூன்று நாலு வருடம், அப்புறம் சி.எல்.பி., சேம்பரிங். அவள் வழக்கறிஞர் அங்கி போடும்போது வயது 31. பெண் பிள்ளை என்றால் அந்த நடுவருடங்களில் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி என்னவென்று உங்களுக்கே தெரியும், அதையும் ஒரு சுமையாகக் கணக்கில் வையுங்கள். பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனைத் திருப்பிக் கட்டும் காலம் சட்டப் படிப்புக்கு நடுவிலேயே வந்துவிடும். சேம்பரிங்கில் கிடைக்கும் சிறு தொகைக்காகச் சம்பளத்தை விட வேண்டியிருக்கும், அதற்கு முன்பே ஒன்பது மாதச் செலவைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். அவள் ஒவ்வொரு மாதமும் 300 மலேசிய வெள்ளி அதற்கென்று தனியாகப் போட்டு வந்தாள்.

தேர்வு முறையும் வேறு. செமஸ்டர் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் சேர்வது இங்கே குறைவு, வருடக் கடைசியில் ஒரே மூச்சில் எழுத வேண்டும். தானாக உட்கார்ந்து படிக்காதவருக்கு இது ஆபத்து.

அறிவியலுக்குப் பிறகு ஆஸ்திரேலியா போய் மூன்று வருட ஜே.டி., அதாவது பட்டதாரிகளுக்கான சட்டப் பட்டம், படிக்கும் கிளை ஒன்றும் உண்டு. மெல்பர்ன் பல்கலைக்கழகம் 2008 முதல் எல்.எல்.பி.-யை விட்டுவிட்டு ஜே.டி.-க்கே மாறிவிட்டது. ஜே.டி. ஆகட்டும், பட்டதாரிகளுக்கான குறுகிய கால எல்.எல்.பி. ஆகட்டும், பணம் கட்டும் முன் எல்.பி.கியூ.பி. பட்டியலில் அந்தப் பட்டமும் அதன் கால அளவும் ஏற்கப்படுகிறதா என்று வாரியத்திடமே கேட்டுவிடுங்கள். கல்லூரி விற்பனைக்காரர் சொல்வது போதாது.

குடும்பத்தில் பணம் இறுக்கம், பிள்ளைக்கு எது வேண்டும் என்று இன்னும் முழுத் தெளிவில்லை, அல்லது தொழில் செய்யப்போவது மலேசியாவில்தான் என்றால் நான் யோசிக்காமல் இந்த வழியைச் சொல்வேன்.

## வழி 4: ஒன்றை விட்டுவிடுவது

விடுவதைத் தோல்வி என்று நம் வீடுகளில் பேசுகிறோம். அதனாலேயே பிள்ளைகள் இதைக் கடைசிவரை வாய்விட்டுச் சொல்வதில்லை, தூக்கம் கெட்டு, சாப்பாடு கெட்டு, ஒரு நாள் வகுப்புக்கே போகாமல் அறையில் படுத்துவிடும் வரை. பெற்றோர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், இதையும் ஒரு வழியாக மேசைமேல் வையுங்கள்.

சட்டத்தை விட்டால் என்ன? பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக் காப்புரிமை வேலைதான் ஆசை என்றால், ஆஸ்திரேலியாவில் பேட்டன்ட் அட்டர்னி ஆகத் தேவைப்படுவது அறிவியல் அல்லது பொறியியல் தகுதி. அதன்மேல் அறிவுசார் சொத்துச் சட்டப் பாடங்களைத் தனியாகப் படிக்க வேண்டும், முழு எல்.எல்.பி. கட்டாயமில்லை. தடயவியல்தான் ஆசை என்றால் இங்கே மலேசிய இரசாயனத் துறை தேடுவது நல்ல வேதியியலாளரை. இது தெரியாமலே இரண்டையும் சுமக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அறிவியலை விட்டால்? வீடு நில ஆவணங்கள், குடும்ப வழக்குகள், தொழிலாளர் வழக்குகள் என்று போகப்போகிறவருக்கு ஆர்கானிக் லேப் ஒரு நாளும் தேவைப்படாது. சட்டத்தைத் தனிப் பட்டமாகத் தருகிற பல்கலைக்கழகம் என்றால், தனிச் சட்டமாக மாற்றிக்கொண்டு ஒரு வருடத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் படிப்பு மாறினால் சி.ஓ.இ. மாறும், உதவிச் சம்பளம் நின்றும் போகலாம். முதலில் அதைக் கேளுங்கள்.

எப்போது முடிவெடுப்பது என்பதும் முக்கியம். ஒன்பதாவது வாரத்தில் எடுக்காதீர்கள், அந்த வாரத்தில் எல்லோருக்கும் விடத்தான் தோன்றும். இரண்டு செமஸ்டர் தொடர்ந்து ஒரு பக்கத்து வகுப்புக்குப் போகவே மனம் வரவில்லை என்றால் அது களைப்பு மட்டுமல்ல. விடுமுறையில் உட்கார்ந்து முடிவெடுங்கள். செமஸ்டர் தொடங்கிவிட்டால் சென்சஸ் தேதிக்குள், வழக்கமாக மார்ச் 31 அல்லது ஆகஸ்ட் 31-க்குள். அதற்குள் விட்ட பாடம் தோல்வியாகப் பதிவாகாது.

## ஒரே பார்வையில்

| | முழுப் பாரம் | மூன்று + கோடை | ஒன்றன்பின் ஒன்று | ஒன்றை விடுவது |
|---|---|---|---|---|
| சி.எல்.பி.-க்கு முன் காலம் | 5 வருடம் | 5 வருடம் | 6 முதல் 8, நடுவில் வேலை வருடங்கள் தனி | 4 வருடம். சட்டத்தை விட்டால் 3, சி.எல்.பி. இல்லை |
| சுமை விழும் விதம் | இரண்டு கடனும் ஒரே வாரத்தில் | பரவலாக, ஓய்வில்லாமல் | ஒரு நேரத்தில் ஒன்று | ஒன்றுதான் |
| கண்ணில் படாத செலவு | ஒரு பாடம் தவறினால் ஒரு செமஸ்டரும் புது விசாவும் | கோடை வாடகை, விடுமுறை வருமானம் | வயது, சேம்பரிங் காலத்துச் சம்பளம் | உதவிச் சம்பளம், சி.ஓ.இ. மாற்றம் |
| நடுவில் இறங்கினால் | கேட்டு வைக்க வேண்டும் | கேட்டு வைக்க வேண்டும் | அறிவியல் பட்டம் கையில் | இறங்குவதே இதுதான் |

## அவர்கள் இருவருக்கும் நான் சொன்னது

பட்டர்வர்த் மாமாவிடம் மூன்றாவது வழியைச் சொன்னேன். பையன் மலேசியாவில்தான் இருக்கப் போகிறான், கீழே இரண்டு தம்பிகள் படிக்க இருக்கிறார்கள். யூ.எஸ்.எம். முடித்து, ஒரு வருடம் லேப்பில் வேலை பார்த்து, அப்போதும் சட்ட ஆசை இருந்தால் கோலாலம்பூருக்கு வரட்டும், தங்க இடம் என் வீட்டில் இருக்கிறது என்றேன். மாமாவுக்கு முழுத் திருப்தி இல்லை. வெளிநாடு அனுப்பினேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஆசை, அதில் தவறும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

செந்தூல் பெண்ணிடம் ஒரே கேள்வி கேட்டேன்: லேப்புக்குப் போகும்போது காலையில் மனசு எப்படி இருக்கிறது? "லேப்தான் பிடிக்கும்கா" என்றாள். சட்டம்? "அதுவும் பிடிக்கும், படிக்கத்தான் நேரமில்ல." அப்படியானால் விடும் பேச்சே வேண்டாம், அடுக்கை மாற்று என்றேன். அங்கேயே பில் தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். அடுத்த செமஸ்டரில் ஆர்கானிக் லேப், புள்ளியியல், ஒப்பந்தச் சட்டம் மட்டும். பொதுச் சட்டம் இப்போது வேண்டாம், அடுத்த வருடம் முதல் செமஸ்டரில், லேப் இல்லாத பக்கத்தில். சிவில் நடைமுறை இந்தக் கோடைக்கு. செவ்வாய்க்கிழமை 5 மணி டுட்டோரியலை வியாழன் காலைக்கு மாற்ற முடியுமா என்று அன்றே மின்னஞ்சல் போடச் சொன்னேன்.

அவள் அம்மா அந்தத் தாளை எடுத்து இரண்டு முறை பார்த்தார். "கோடைன்னா தைப்பூசத்துக்கு வரமாட்டாளா?" என்று கேட்டார். இந்த ஒரு வருடம் மட்டும்தான் அக்கா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மகளுக்கு இன்னொரு மோர் சொன்னார்.